எஞ்சின் ஆயில், ஸ்லட்ஜ், வாரண்டி: எதை எந்த வரிசையில் செய்ய வேண்டும்

என் காருக்கு நானே ஆயில் மாற்றி வருகிறேன். தெரிந்தவர்கள் வாரண்டி தகராறில் மாட்டிக்கொண்டபோது அவர்களுடைய பில்களையும் சர்வீஸ் புத்தகத்தையும் தரையில் பரப்பி வைத்துக்கொண்டு கூடவே உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். திரும்பத் திரும்பக் கண்ட விஷயம் ஒன்றுதான்: ஆயிலை மாற்றியிருக்கிறார்கள், ஆனால் மாற்றியதை இன்னொருவருக்குக் காட்டக் கையில் எதுவும் இல்லை. எஞ்சினைத் திறந்ததும் உள்ளே கறுப்புக் களி போல ஸ்லட்ஜ் இருக்கிறது, "நீங்கள் சரியாகப் பராமரிக்கவில்லை, வாரண்டி கிடையாது" என்று ஒரு வரியில் முடித்துவிடுகிறார்கள். அந்த நேரத்தில் ஓடிப்போய் ஆதாரம் தேடினால் கிடைக்காது. ஆதாரத்தை ஆயில் மாற்றிய அன்றே உண்டாக்கியிருக்க வேண்டும்.

அதனால்தான் இந்த வழிகாட்டியில் ஸ்பானரைத் தொடுவது ஐந்தாவது படியில் வருகிறது. அதற்கு முந்தைய நான்கையும் தாண்டிக் குதிக்காதீர்கள். கார் ஏற்கனவே பழுதாகி நிற்கிறது என்றால் நேராக 10ஆவது படிக்குப் போங்கள், மற்றதை அப்புறம் படிக்கலாம்.

1. வாரண்டி புத்தகத்தையும் மேனுவலையும் சேர்த்து வைத்துப் படியுங்கள்

பலரும் மேனுவலில் எத்தனை லிட்டர் ஆயில் என்று பார்த்துவிட்டு மூடிவிடுகிறார்கள். வாரண்டி புத்தகம் தனி. அதில் எதெல்லாம் அடங்காது என்று சொல்லும் பகுதியைத்தான் முதலில் படிக்க வேண்டும். உற்பத்திக் குறையால் வந்த சேதத்தை நிறுவனம் ஏற்கும், பராமரிப்புக் குறைவால் வந்த சேதத்தை ஏற்காது என்பதுதான் ஏறக்குறைய எல்லா வாரண்டிக்கும் அடிப்படை. ஸ்லட்ஜ் இந்த இரண்டாலும் வரலாம், சண்டை வருவதே அதனால்தான்.

ஒரு தாளில் நான்கு விஷயங்களை எழுதிக்கொள்ளுங்கள். எத்தனை கிலோமீட்டருக்கு ஒருமுறை, எத்தனை மாதத்துக்கு ஒருமுறை, ஆயிலுக்கு என்ன தரம் கேட்கிறார்கள், பராமரிப்புக்கு என்ன ஆவணம் கேட்கிறார்கள். இந்தத் தாள் கடைசிப் படி வரை கூடவே வரும்.

இதில் அதிகம் பேர் தடுக்கி விழும் இடம், "எது முதலில் வருகிறதோ அது" என்ற சொற்றொடர். 10,000 கி.மீ. அல்லது 12 மாதம் என்று போட்டிருந்தால், வருஷத்துக்கு 4,000 கி.மீ. மட்டும் ஓடிய காருக்கும் 12ஆவது மாதம் ஆயில் மாற்றியாக வேண்டும். "வண்டி ஓடவே இல்லையே, எதற்கு மாற்றணும்" என்று கேட்பவர்களின் காரில்தான் ஸ்லட்ஜ் சேர வாய்ப்பு அதிகம். காரணம் அடுத்த படியில்.

2. உங்கள் ஓட்டம் எந்த வகை என்று முடிவு செய்யுங்கள்

நிறைய மேனுவல்களில் இரண்டு அட்டவணைகள் இருக்கும், ஒன்று சாதாரண ஓட்டத்துக்கு, இன்னொன்று கடினமான ஓட்டத்துக்கு. இரண்டாவது பெரும்பாலும் பின்பக்கம் எங்கோ ஒரு சிறிய கட்டத்தில் இருக்கும். கடினம் என்றதும் மலைப் பாதையும் பாரம் இழுப்பதும்தான் நினைவுக்கு வரும். உண்மையில் அந்தப் பட்டியலில் இருப்பவை அன்றாட ஓட்டம்தான்: எஞ்சின் சூடாகும் முன்பே முடிந்துவிடும் சிறு பயணங்கள், நெரிசலில் ஊர்ந்து போவது, நின்றபடி நெடுநேரம் எஞ்சினை ஓடவிடுவது, புழுதி, கடும் வெயில், கடும் குளிர்.

சிறு பயணம் ஏன் இவ்வளவு கெடுதல் என்பதைக் கொஞ்சம் நின்று புரிந்துகொள்வது நல்லது. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் உண்டாகிறது. அதில் பெரும்பகுதி ஆவியாகப் புகைக்குழாய் வழியே போய்விடும். கொஞ்சம் பிஸ்டன் ரிங்குகளைத் தாண்டிக் கீழே, எஞ்சினின் அடிப்பகுதியான கிராங்க் கேஸுக்குள் இறங்கும். கூடவே எரியாத பெட்ரோல், புகைக்கரி, அமிலத் தன்மையுள்ள வாயுக்கள் எல்லாம் இறங்கும். ஆயில் நன்றாகச் சூடானால் தண்ணீரும் பெட்ரோலும் ஆவியாகி, கிராங்க் கேஸ் வாயுக்களை வெளியேற்றும் பிசிவி வால்வு வழியாக இழுக்கப்பட்டு எஞ்சினுக்குள்ளேயே திரும்பிப் போய்விடும். சூடாகவில்லை என்றால் அவை ஆயிலிலேயே தங்கும். டேஷ்போர்டில் கூலன்ட் (எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம்) சூட்டைக் காட்டும் முள் நடுவுக்கு வந்துவிட்டதால் ஆயிலும் சூடாகிவிட்டது என்று நினைக்காதீர்கள், ஆயில் சூடாக இன்னும் கூடுதல் நேரம் ஆகும்.

எதிர்ப்பக்கத்தில், அளவுக்கு மீறிய சூடும் கெடுதல்தான். வெப்பம் ஏற ஏற ஆயில் ஆக்ஸிஜனேற்றம் அடையும் வேகமும் ஏறும், ஒவ்வொரு 10 டிகிரி செல்சியஸுக்கும் ஏறக்குறைய இரட்டிப்பாகும் என்பது பொறியாளர்கள் வைத்திருக்கும் பொதுக் கணக்கு. ஆயிலில் கலந்திருக்கும் டிடர்ஜென்ட், டிஸ்பர்ஸன்ட் வேதிப்பொருட்கள் அழுக்கைத் துகள்களாகப் பிரித்து மிதக்கவிட்டு, அமிலத்தையும் சமன்செய்யும். அவை தீர்ந்துபோனால் மிதந்துகொண்டிருந்த அழுக்கு ஒன்றோடொன்று ஒட்டிக் களியாகப் படியத் தொடங்கும். அதுதான் ஸ்லட்ஜ்.

உங்கள் ஓட்டம் கடினமான வகையில் வந்தால் அந்த அட்டவணையின் இடைவெளியைத்தான் பின்பற்ற வேண்டும், பல மேனுவல்களில் அது சாதாரண இடைவெளியில் பாதி அளவுக்கு இருக்கும். தகராறு வந்தால் "உங்கள் ஓட்டம் கடின வகை, நீங்கள் சாதாரண அட்டவணையைப் பிடித்திருக்கிறீர்கள்" என்பது அவர்கள் எடுத்துவைக்கும் முதல் வாதங்களில் ஒன்று. எந்த வகை என்று சந்தேகம் இருந்தால் கடின வகை என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஒரு ஆயில் மாற்றத்தின் செலவு எங்கே, ஒரு எஞ்சினின் செலவு எங்கே?

டேஷ்போர்டில் ஆயில் ஆயுள் சதவீதம் காட்டும் கார்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. பெரும்பாலான கார்களில் அது ஆயிலைச் சோதித்துச் சொல்வதில்லை. எஞ்சின் சுற்றுகள், வெப்பநிலை, ஸ்டார்ட் செய்த எண்ணிக்கை போன்றவற்றை வைத்துக் கணக்குப் போடுகிறது. நீங்கள் எந்த ஆயில் ஊற்றினீர்கள் என்பது அதற்குத் தெரியாது. அது 40 சதவீதம் காட்டினாலும் மாதக் கணக்கு முடிந்தால் முடிந்ததுதான்.

3. ஆயில் டப்பாவின் பின்பக்கத்தைப் படித்து வாங்குங்கள்

முன்பக்கத்தில் இருப்பது விளம்பரம், தரம் பின்பக்கத்தில் சின்ன எழுத்தில் இருக்கும். பார்க்க வேண்டியவை இரண்டு. ஒன்று, ஆயில் எவ்வளவு கெட்டி என்பதைச் சொல்லும் 0டபிள்யூ-20, 5டபிள்யூ-30 போன்ற பாகுத்தன்மை எண். இரண்டாவது, ஏபிஐ (அமெரிக்கப் பெட்ரோலிய நிறுவனம்) வகுத்த ஏபிஐ எஸ்பி போன்ற தர எழுத்து, அல்லது ஃபோக்ஸ்வேகன் 504 00, மெர்சிடிஸ் 229.51, பிஎம்டபிள்யூ லாங்லைஃப்-04 மாதிரியான தயாரிப்பாளர் அங்கீகார எண். பாகுத்தன்மை மட்டும் ஒத்துப்போனால் போதாது. ஒரே 5டபிள்யூ-30இல் முற்றிலும் வேறுபட்ட ஆயில்கள் இருக்கின்றன. 2020இல் வந்த ஏபிஐ எஸ்பி தரத்தைப் பெற, ஸ்லட்ஜ் எவ்வளவு சேர்கிறது என்று எஞ்சினை ஓடவிட்டுப் பார்க்கும் சோதனையிலும் தேற வேண்டும்.

அங்கீகாரத்தில் ஒரு நுணுக்கம் உண்டு. "அங்கீகரிக்கப்பட்டது" என்று எண்ணோடு போட்டிருந்தால் கார் தயாரிப்பாளர் அந்த ஆயிலை ஏற்றிருக்கிறார் என்று அர்த்தம். "இந்தத் தரத்துக்கு ஏற்றது", "பரிந்துரைக்கப்படுகிறது" என்று இருந்தால் அது ஆயில் நிறுவனம் தானே சொல்லிக்கொள்வது. ஆயில் நல்லதாகவே இருக்கலாம், ஆனால் தகராறு மேசையில் இந்த இரண்டும் ஒன்றாக எடுபடாது. வாரண்டி இருக்கும் வரை முதல் வகையை மட்டும் வாங்குங்கள்.

கெட்டியான ஆயில் ஊற்றினால் எஞ்சினுக்கு நல்லது என்ற நம்பிக்கை இன்னும் பலரிடம் இருக்கிறது. 0டபிள்யூ-20க்காக வடிவமைத்த எஞ்சினில் 20டபிள்யூ-50 ஊற்றினால் குளிர்ந்த ஸ்டார்ட்டில் அது மேலே ஏறிச் சேரவே தாமதமாகும், தேய்மானம் அதிகம் நடக்கும் நேரமும் அதுதான். அதோடு வாரண்டியை மறுக்க ஒரு காரணத்தை நீங்களே எழுதிக் கொடுத்தது போலாகிவிடும். டப்பாவில் தனியாக விற்கும் சேர்க்கைப் பொருட்களும் அப்படித்தான், மேனுவல் கேட்காத எதையும் ஊற்ற வேண்டாம்.

4. கோப்பைத் தயார் செய்யுங்கள்

ஒரு சாதாரண பிளாஸ்டிக் கோப்பு போதும், அதன் படங்கள் ஃபோனிலும் இருக்கட்டும். ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஒரு பக்கம். அதில் தேதி, ஓடோமீட்டர் எண், ஆயிலின் பெயர், பாகுத்தன்மை, தரம், டப்பாவில் அச்சிட்ட பேட்ச் எண், எத்தனை லிட்டர், ஃபில்டரின் பாக எண், யார் மாற்றினார்கள் என்ற விவரங்கள் இருக்க வேண்டும். கடை பில் அதே பக்கத்தில் ஒட்டியிருக்க வேண்டும். வெப்பத்தாளில் அச்சான பில் சில மாதங்களில் வெளுத்து வெற்றுத் தாளாகிவிடும் என்பதால் வாங்கிய அன்றே படம் எடுத்துவிடுங்கள். நான் பார்த்த ஒரு கோப்பில் மூன்று பில்கள் முழுக்க வெள்ளையாக இருந்தன. அவர் மாற்றினார் என்பது எனக்குத் தெரியும், அந்தத் தாளைக் கையில் வாங்கிப் பார்த்தவருக்கு அது தெரிய வழியே இல்லை.

பில் மட்டும் இருந்தால் ஆயில் வாங்கியதற்குத்தான் ஆதாரம், இந்தக் காரில் ஊற்றியதற்கு அல்ல. அதனால் ஓடோமீட்டர் தெரிய ஒரு படம், ஆயில் டப்பாக்களும் ஃபில்டர் பெட்டியும் காரின் நம்பர் பிளேட்டுக்கு முன்னால் இருக்கும் மாதிரி ஒரு படம், பழைய ஃபில்டரைக் கழற்றிய பிறகு ஒரு படம். மூன்றையும் எடுக்க ஒரு நிமிடம் ஆகும்.

5. ஆயிலை மாற்றுங்கள்

தேவையானவை: ஆயில், ஃபில்டர், டிரெயின் பிளக்குக்கு (ஆயிலை இறக்கும் துளையை அடைக்கும் திருகு) புதிய வாஷர், சரியான அளவு ஸ்பானர், டார்க் ரெஞ்ச் (குறித்த அளவுக்கு இறுக்க உதவும் ஸ்பானர்), ஜாக், இரண்டு ஸ்டாண்ட், சக்கரத்துக்கு அடைகல், ஆயில் பிடிக்கும் தட்டு, கையுறை, சுத்தமான துணி, 100 மி.லி. அளவில் ஒரு சுத்தமான குப்பி. வாஷரையும் குப்பியையும் பாதிப் பேர் மறந்துவிடுவார்கள்.

எஞ்சினை ஐந்து பத்து நிமிடம் ஓடவிட்டு நிறுத்துங்கள். ஆயில் வெதுவெதுப்பாக இருந்தால் அழுக்கையும் சேர்த்துக்கொண்டு இறங்கும். கொதிக்கக் கொதிக்க இறக்கினால் கை வெந்துவிடும், அவசரப்பட வேண்டாம்.

சமதளத்தில் நிறுத்தி, ஹேண்ட்பிரேக் போட்டு, அடைகல் வைத்து, ஜாக்கில் தூக்கி, ஸ்டாண்டில் இறக்குங்கள். ஜாக் மட்டும் தாங்கி நிற்கும் காருக்கு அடியில் ஒருபோதும் போகாதீர்கள். இந்த ஒன்றில் மட்டும் நான் யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை.

மேலே ஆயில் ஊற்றும் மூடியை முதலில் கழற்றிவிடுங்கள், காற்று உள்ளே போனால் ஆயில் தடையில்லாமல் இறங்கும். அப்புறம் டிரெயின் பிளக். கியர்பாக்ஸின் பிளக்கை எஞ்சின் பிளக் என்று நினைத்துக் கழற்றியவர்கள் இருக்கிறார்கள், மேனுவல் படத்தோடு ஒப்பிட்டுவிட்டுக் கை வையுங்கள். பாதி இறங்கியதும் குப்பியை ஓட்டத்தில் காட்டிக் கொஞ்சம் பிடித்து, மூடி, தேதியும் கிலோமீட்டரும் எழுதி ஒட்டுங்கள். தொடக்க ஓட்டத்தில் பிடித்தால் அடியில் தங்கிய வண்டல் கூடுதலாக வரும், அதனால்தான் நடுவில் பிடிக்கச் சொல்கிறேன். நாளை ஆய்வகத்தில் கொடுத்தால் பாகுத்தன்மை, மீதமுள்ள காரத்தன்மை, இரும்புத் துகள், தூசியைக் காட்டும் சிலிக்கான், கலந்த எரிபொருள், தண்ணீர் எல்லாம் எண்ணாக வந்துவிடும்.

சொட்டுச் சொட்டாக வரும் வரை விடுங்கள். புதிய வாஷரோடு பிளக்கைக் கையாலேயே பல சுற்று ஏற்றிவிட்டு, கடைசியில் மட்டும் டார்க் ரெஞ்சால் மேனுவல் சொல்லும் அளவுக்கு இறுக்குங்கள். தொடக்கத்திலிருந்தே ஸ்பானரைப் போட்டால் மரை கோணலாகப் பிடித்து, ஆயில் தங்கும் அலுமினிய அடித்தட்டான சம்ப் போய்விடும்.

ஃபில்டர்தான் புதியவர்கள் அதிகம் தவறும் இடம். பழைய ஃபில்டரைக் கழற்றும்போது அதன் ரப்பர் வளையம் சில சமயம் எஞ்சினோடு ஒட்டிக்கொண்டு அங்கேயே நின்றுவிடும். அதைக் கவனிக்காமல் புதியதை மாட்டினால் ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு வளையம். ஸ்டார்ட் செய்ததும் கசியாமல் இருந்துவிட்டு, சாலையில் அழுத்தம் ஏறும்போது பிய்த்துக்கொண்டு சில நிமிடங்களில் ஆயில் முழுக்கக் கொட்டிவிடும். கழற்றிய ஃபில்டரைத் திருப்பி, வளையம் அதில் இருக்கிறதா என்று கண்ணால் பாருங்கள், எஞ்சின் பக்கத்தை விரலால் தடவியும் பாருங்கள். இரண்டையும் செய்யுங்கள்.

புதிய வளையத்தில் விரலால் கொஞ்சம் ஆயில் தடவுங்கள். காய்ந்த ரப்பர் இறுகும்போது முறுக்கிக்கொள்ளும், அடுத்த முறை கழற்றவும் வராது. வளையம் தொட்ட பிறகு கையால் சுமார் முக்கால் சுற்று இறுக்கினால் பொதுவாகப் போதும், ஃபில்டரின் மேலேயே எத்தனை சுற்று என்று அச்சிட்டிருப்பார்கள். பெட்டிக்குள் காகித ஃபில்டர் வரும் வகை என்றால் ஓ-ரிங்குகள் எத்தனை, எந்தப் பள்ளத்தில் எது என்று கழற்றும்போதே படம் எடுத்துவிடுங்கள்.

மேனுவல் சொல்லும் அளவைவிட அரை லிட்டர் குறைவாக ஊற்றிவிட்டு ஸ்டார்ட் செய்யுங்கள். சிவப்பு ஆயில் விளக்கு சில வினாடிகளில் அணைய வேண்டும். ஒரு நிமிடம் ஓடவிட்டு, பிளக்கிலும் ஃபில்டரிலும் கசிவு இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். நிறுத்தி, காரை ஸ்டாண்டிலிருந்து இறக்கி, மேனுவல் சொல்லும் நேரம் காத்திருந்து டிப்ஸ்டிக் (ஆயில் அளவு பார்க்கும் குச்சி) பார்த்து மீதியை ஊற்றுங்கள். அதிகமாக ஊற்றுவதும் தவறுதான், கிராங்க் ஷாஃப்ட் ஆயிலை அடித்து நுரையாக்கும், நுரை ஏறிய ஆயிலால் பேரிங்குகளைத் தாங்க முடியாது.

சர்வீஸ் நினைவூட்டலை ரீசெட் செய்துவிட்டுப் படங்களைக் கோப்பில் போடுங்கள். பழைய ஆயிலை ஏற்றுக்கொள்ளும் இடத்தில் கொடுத்து, சீட்டு தந்தால் அதையும் ஒட்டிவையுங்கள். சாக்கடையிலோ மண்ணிலோ ஊற்றாதீர்கள், தண்ணீர் கெட்டுப்போகும்.

6. வெளியே கொடுத்து மாற்றினால்

மேலே சொன்ன வேலை எல்லாம் பில்லில் வரி வரியாக வர வேண்டும். "ஜெனரல் சர்வீஸ்" என்று ஒரே வரியில் தொகை மட்டும் இருக்கும் பில்லை வாங்கிக்கொண்டு வந்துவிடாதீர்கள். ஆயிலின் பெயர், தரம், லிட்டர், ஃபில்டர் பாக எண், ஓடோமீட்டர், காரின் சேஸிஸ் எண் இருக்கிறதா என்று கவுன்டரில் நின்றபடியே பாருங்கள். ஓடோமீட்டர் எண்ணைத் தப்பாக அடிப்பது சாதாரணமாக நடக்கிறது. 34,000க்குப் பதில் 43,000 என்று ஒரு பில்லில் விழுந்துவிட்டால், அடுத்த பில்லோடு சேர்த்துப் பார்க்கும்போது காரே பின்னோக்கி ஓடியது போலத் தெரியும், மொத்தக் கோப்பும் சந்தேகத்துக்கு ஆளாகும்.

வெளியிடத்தில் மாற்றினாலே வாரண்டி போய்விடுமா என்ற கேள்வி எல்லோருக்கும் வரும். இது நாட்டுக்கு நாடு மாறும். அமெரிக்காவில் 1975ஆம் ஆண்டின் மேக்னஸன்-மாஸ் வாரண்டி சட்டப்படி, இலவசமாகத் தராத பாகத்தையோ சேவையையோ தங்களிடமே வாங்க வேண்டும் என்று பொதுவாக நிபந்தனை போட முடியாது. ஐரோப்பிய ஒன்றியத்தின் போட்டி விதிகளும் அதே திசையில்தான் இருக்கின்றன. உங்கள் இடத்தின் விதியையும் உங்கள் வாரண்டி புத்தகத்தின் வாசகத்தையும் பார்த்து முடிவு செய்யுங்கள், கவுன்டரில் ஒருவர் வாயால் சொல்வதை வைத்து வேண்டாம்.

7. இரண்டு மாற்றங்களுக்கு நடுவே அளவைப் பாருங்கள்

மாதம் ஒருமுறையாவது டிப்ஸ்டிக். பல கார்களில் குறைந்தபட்சக் கோட்டுக்கும் அதிகபட்சக் கோட்டுக்கும் இடையே ஏறக்குறைய ஒரு லிட்டர் இருக்கும். நாலு லிட்டர் செய்ய வேண்டிய வேலையை மூன்று லிட்டர் செய்தால் அது சீக்கிரம் சூடாகி, சீக்கிரம் அழுக்காகி, சீக்கிரம் தீர்ந்துபோகும். இடையில் ஊற்றும் அரை லிட்டரையும் கோப்பில் எழுதுங்கள். ஆயில் குடிக்கும் எஞ்சின் என்பதை வாரண்டி காலத்திலேயே நிரூபிக்க இந்தக் குறிப்பு மட்டும்தான் இருக்கும்.

ஆயில் கறுத்துவிட்டதே என்று பயப்பட வேண்டாம். அழுக்கைத் தன்னுள் மிதக்கவிடும் ஆயில் கறுக்கத்தான் செய்யும், டீசலில் மாற்றிய சில நாட்களிலேயே கறுத்துவிடும். அளவு ஏறிக்கொண்டே போனால்தான் கவலைப்பட வேண்டும், எரிபொருளோ கூலன்ட்டோ கலக்கிறது என்று அர்த்தம்.

8. ஸ்லட்ஜ் இருக்கிறதா என்று பாருங்கள்

ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து, டார்ச்சை உள்ளே அடியுங்கள். உலோகம் வெளுப்பாகவோ தேன் நிறத்திலோ இருந்தால் நல்லது. தேன் நிறம் என்பது மெல்லிய வார்னிஷ், நகத்தால் சுரண்டினாலும் வராது. கறுப்பாக, பளபளப்பில்லாமல், மேடு மேடாக இருந்து, குச்சியால் தொட்டால் குழைவாக ஒட்டிக்கொண்டு வந்தால் அது ஸ்லட்ஜ். முற்றிய நிலையில் குழைவும் போய், காய்ந்த கரிப்பக்கு போல உதிரும்.

மூடியின் உள்பக்கம் வெளிர் மஞ்சளில் வெண்ணெய் போல இருந்தால் அது வேறு. தண்ணீரும் ஆயிலும் கலந்த குழம்பு, குளிர்காலத்தில் சிறு பயணம் மட்டும் போகும் காரில் சாதாரணம். துடைத்துவிட்டு ஒரு மணி நேரம் நெடுஞ்சாலையில் ஓட்டிப் பாருங்கள். மறுபடி வந்து, கூலன்ட்டும் குறைந்துகொண்டே போனால், கூலன்ட்டும் ஆயிலும் கலக்காமல் தடுக்கும் அடைப்பான ஹெட் கேஸ்கெட்டைச் சோதிக்கச் சொல்லுங்கள்.

ஸ்லட்ஜ் கண்ணில் பட்டால் ஆயிலை மட்டும் குறை சொல்லாமல் இரண்டு பாகங்களைச் சோதிக்கச் சொல்லுங்கள். பிசிவி வால்வு அடைத்திருந்தால் வாயுக்கள் வெளியேற வழியில்லாமல் ஆயிலிலேயே கரையும். சூட்டுக்கு ஏற்பக் கூலன்ட் ஓட்டத்தைத் திறந்து மூடும் தெர்மோஸ்டாட் திறந்தபடி மாட்டிக்கொண்டால் எஞ்சின் எப்போதும் அரைகுறைச் சூட்டிலேயே ஓடும், பி0128 என்ற பிழைக்குறியீடு இதற்குத்தான் வரும். இந்த இரண்டில் ஒன்று பழுது என்று வாரண்டி காலத்தில் எழுத்தில் பதிவானால், ஸ்லட்ஜுக்குக் காரணம் உங்கள் பழக்கமா காரின் பாகமா என்ற கேள்விக்கு உங்கள் பக்கம் கனமான பதில் கிடைக்கும்.

9. இருந்தால், ஃபிளஷ் ஊற்ற ஓடாதீர்கள்

மெல்லியதாக இருந்தால் சரியான தரத்து ஆயிலை வழக்கத்தைவிடக் குறைந்த இடைவெளியில் இரண்டு மூன்று முறை மாற்றுங்கள், ஒவ்வொரு முறையும் ஃபில்டரோடு. ஆயிலில் இருக்கும் டிடர்ஜென்ட்டே கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்து எடுக்கும்.

கனமாகப் படிந்த எஞ்சினில் வீரியமான ஃபிளஷ் ஊற்றினால் களி கட்டியாகப் பெயர்ந்து சம்ப்பில் விழும். ஆயில் பம்ப் உறிஞ்சும் இடத்தில் ஒரு கம்பிவலை ஸ்ட்ரெய்னர் இருக்கிறது, அந்தக் கட்டிகள் நேராக அதில் போய் அடைத்துக்கொள்ளும். ஃபிளஷ் ஊற்றும் வரை ஓடிக்கொண்டிருந்த எஞ்சின் ஊற்றிய பிறகு போவது இப்படித்தான். கனமாக இருந்தால் சம்ப்பைக் கழற்றி, ஸ்ட்ரெய்னரைச் சுத்தம் செய்வதே சரியான வழி. வாரண்டி இருக்கும் கார் என்றால் இதையும் நீங்களாகச் செய்யாமல், முதலில் படம் எடுத்து, எழுத்தில் புகார் கொடுத்துவிட்டு அவர்கள் பதிலுக்குக் காத்திருங்கள்.

10. சிவப்பு ஆயில் விளக்கு எரிந்தால்

பாதுகாப்பான இடத்தில் ஒதுங்கி உடனே எஞ்சினை அணையுங்கள். அந்த விளக்கு ஆயில் அளவைக் காட்டுவதல்ல, அழுத்தம் மிகவும் விழுந்த பிறகு எரிவது. "வீடு பக்கத்தில்தானே" என்று ஓட்டும் அந்தச் சில நிமிடங்களில் பேரிங்கும் டர்போவும் போய்விடும், அதோடு "விளக்கு எரிந்தும் ஓட்டினார்" என்று மறுப்பும் தயாராகிவிடும்.

மறுபடி ஸ்டார்ட் செய்து சோதிக்காதீர்கள். டிப்ஸ்டிக்கை இழுத்து அளவைப் படம் எடுங்கள், ஓடோமீட்டரையும் விளக்கையும் படம் எடுங்கள், நேரம் குறியுங்கள். இழுவை வண்டியில் அனுப்புங்கள், அந்த ரசீதும் கோப்பில் வர வேண்டும், விளக்கைப் பார்த்ததும் நிறுத்தினீர்கள் என்பதற்கு அதுதான் சாட்சி. பிழைக்குறியீடுகளை அழிக்கும் முன் அச்செடுத்துத் தரும்படி கேளுங்கள். ஆயில் அழுத்தம் குறைவு என்பதற்கு பி0524 வரும்.

11. எஞ்சினைத் திறக்கும் முன் எழுத்தில் பேசுங்கள்

அவசரத்தில் எல்லோரும் தவறுவது இங்கேதான். "திறந்து பார்த்தால்தான் தெரியும், இங்கே கையெழுத்து போடுங்கள்" என்பார்கள். திறக்கும் செலவு, வாரண்டி மறுக்கப்பட்டால் யாருடையது என்று அந்தத் தாளில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் எழுதச் சொல்லுங்கள்.

ஜாப் கார்டில் (காரைப் பெறும்போது வொர்க்‌ஷாப் எழுதும் தாள்) புகாரை நீங்கள் சொன்னபடி எழுத வைத்துப் பிரதி வாங்குங்கள். நீங்கள் சொன்னது "விளக்கு எரிந்தது, உடனே அணைத்தேன்", அங்கே எழுதியிருப்பது "ஆயில் இல்லாமல் ஓட்டியதால் எஞ்சின் சத்தம்" என்று இருந்தால் கையெழுத்து போடாதீர்கள்.

ஆயிலை இறக்கும் முன் உங்கள் எதிரில் ஒரு குப்பி மாதிரி எடுக்கச் சொல்லுங்கள், இரண்டாக எடுத்து ஒன்று உங்களிடம் இருக்கட்டும். திறக்கும்போது கூட இருக்க அனுமதி கேளுங்கள். கழற்றிய பாகங்கள், ஃபில்டர், ஸ்ட்ரெய்னர் எதையும் முடிவு வரும் வரை எறியவோ கழுவவோ கூடாது என்று அன்றே மின்னஞ்சல் அனுப்புங்கள். கழுவிய ஸ்ட்ரெய்னரை வைத்து யாராலும் எதையும் நிரூபிக்க முடியாது.

12. மறுப்பு வந்தால்

வாய்வழி மறுப்பை மறுப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். வாரண்டி புத்தகத்தின் எந்தப் பிரிவின்படி, எந்தச் சோதனை முடிவின் அடிப்படையில், யார் முடிவெடுத்தார்கள் என்று எழுத்தில் கேளுங்கள். "ஸ்லட்ஜ் இருக்கிறது, ஆகவே பராமரிப்பு இல்லை" என்று மட்டும் பதில் வந்தால், அதில் நடுவில் ஒரு படி விடுபட்டிருக்கிறது என்பதைச் சுட்டிக்காட்டுங்கள். ஸ்லட்ஜ் ஒரு விளைவு. பிசிவி, தெர்மோஸ்டாட், எரிபொருள் கலப்பு, கூலன்ட் கசிவு எல்லாம் அதே விளைவைத் தரும், அவற்றைச் சோதித்தார்களா, முடிவு என்ன என்று கேளுங்கள்.

இதற்கு முன்னோடியும் உண்டு. 2002இல் டொயோட்டா, அமெரிக்காவில் 1997 முதல் 2002 வரையிலான சில மாடல்களில் ஆயில் களியாக மாறிய எஞ்சின்களின் பழுதுபார்ப்பை முதல் விற்பனையிலிருந்து 8 ஆண்டு வரை, கிலோமீட்டர் வரம்பில்லாமல் ஏற்றுக்கொண்டது. சுமார் 33 லட்சம் வண்டிகள் அதில் அடங்கின. அப்போதும் உரிமையாளர் நியாயமான அளவுக்காவது ஆயில் மாற்றியதைக் காட்டும்படி கேட்டார்கள். ஆகவே உங்கள் எஞ்சினுக்கு நீட்டிப்பு வாரண்டி, திரும்பப் பெறும் அறிவிப்பு, டீலர்களுக்கான தொழில்நுட்பச் சுற்றறிக்கை ஏதாவது இருக்கிறதா என்று சேஸிஸ் எண்ணைக் கொடுத்து எழுத்தில் கேளுங்கள்.

கோப்பை அனுப்பும்போது மூட்டையாக அனுப்பாதீர்கள். முதல் பக்கத்தில் தேதி, கிலோமீட்டர், ஆயில் தரம், பின்னால் எத்தனையாவது பிரதி அதற்கு ஆதாரம் என்று ஒரு அட்டவணை, பின்னால் பிரதிகள். அசல் எப்போதும் உங்களிடம். ஒரு மாற்றம் 800 கி.மீ. தாமதமாகியிருந்தால் அதை மறைக்காமல் நீங்களே எழுதிவிடுங்கள், அவர்கள் கண்டுபிடித்தால் மற்ற எட்டு சரியான பதிவுகளின் மதிப்பும் குறையும். அந்தத் தாமதம்தான் இந்தச் சேதத்தை உண்டாக்கியது என்பதை விளக்கும்படி கேட்க உங்களுக்கு இடம் உண்டு.

டீலரிடம் முடியவில்லை என்றால் தயாரிப்பாளரின் வாடிக்கையாளர் பிரிவு, அப்புறம் சுயேச்சையான வாகன ஆய்வாளரின் அறிக்கை, அதன்பின் நுகர்வோர் தீர்ப்பாயம் அல்லது உங்கள் நாட்டில் அதற்குச் சமமான அமைப்பு. இந்த வரிசையை மாற்றாதீர்கள், முந்தைய படியின் எழுத்துப் பதில்தான் அடுத்த படிக்கு நுழைவுச் சீட்டு. ஆய்வாளரை அழைப்பதைத் தள்ளிப்போடவும் வேண்டாம், எஞ்சின் திறந்து கிடக்கும்போது அவர் பார்க்க முடிந்ததை மூடிய பிறகு பார்க்க முடியாது. புகார் செய்யக் காலக்கெடு இருக்கும், அதை முதல் வாரமே தெரிந்துகொள்ளுங்கள்.

செலவில் ஒரு பங்கை ஏற்கிறோம் என்று நல்லெண்ண அடிப்படையில் முன்வந்தால், கூட வரும் தாளைப் படித்துவிட்டுக் கையெழுத்து போடுங்கள். பராமரிப்புக் குறைவை நீங்கள் ஒப்புக்கொள்வதாக ஒரு வரி இருந்தால் நீக்கச் சொல்லுங்கள். மாற்று எஞ்சின் தருகிறார்கள் என்றால் டர்போவும் அதன் ஆயில் குழாயும் ஆயில் கூலரும் புதியதா பழையதா என்று கேட்டுவிடுங்கள், பழைய எஞ்சினின் களி அவற்றுக்குள் தங்கியிருந்தால் புதிய எஞ்சினுக்குள் வந்துவிடும். மாற்று எஞ்சினுக்கான வாரண்டி எந்தத் தேதியில் தொடங்குகிறது, முதல் ஆயில் மாற்றம் எத்தனை கிலோமீட்டரில் என்பதை அதே தாளில் எழுதி வாங்கி, கோப்பில் புதிய பக்கம் ஒன்றைத் தொடங்குங்கள்.